குற்றாலத்து எண்ணெயில் 1745

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய்க்குள் புகுந்துவிட்டால் தென்காசியில் சாரல், குற்றாலத்தில் சீசன். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குத் தலையைக் கொடுப்பது அங்கே பழைய வழக்கம். கிண்ணத்தில் இருப்பது நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, வாசனை சேர்த்த பாரஃபினா என்று கண்டுபிடிக்க நமக்கு மூக்கை விட்டால் வேறு வழியில்லை. ஆய்வகத்துக்கு இருக்கிறது: மூலக்கூறுகளின் அதிர்வு.

மூலக்கூறு எதுவும் சும்மா இருப்பதில்லை. அணுக்களை ஸ்பிரிங்கில் கோத்த குண்டுகளாக நினைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது. குண்டு கனத்தால் அதிர்வு மெதுவாகும். ஸ்பிரிங் விறைத்தால் வேகமாகும். நீருக்கு மூன்று விதமான அதிர்வுகள். இரண்டு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகளும் ஒருசேர நீண்டு சுருங்கலாம், ஒன்று நீளும்போது மற்றது சுருங்கலாம், இடையிலுள்ள கோணம் விரிந்து ஒடுங்கலாம். நீராவியில் முதல் வகை அதிர்வு நொடிக்குச் சுமார் 110 லட்சம் கோடி தடவை நடக்கிறது. இவ்வளவு பூஜ்யம் போட்டு எழுத யாருக்குப் பொறுமை? அதனால் ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் அடங்கும் என்று கணக்கிட்டு அதை ‘அலை எண்’ என்கிறார்கள். அந்தக் கணக்கில் முதல் அதிர்வு 3657, கோண அதிர்வு 1595. ஹைட்ரஜன் இருந்த இடத்தில் இருமடங்கு கனமுள்ள டியூட்டிரியத்தை வைத்தால் 3657 சுமார் 2670-க்கு இறங்கிவிடும்.

எண்ணெயின் மேல் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், தன் அதிர்வோடு ஒத்துப்போகும் அலைகளை மட்டும் மூலக்கூறு விழுங்கிக்கொள்ளும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் இரண்டிலும் கார்பன்-ஆக்சிஜன் இரட்டைப் பிணைப்பு உண்டு. வரைபடத்தில் 1745-ஐ ஒட்டி அது ஆழமாகப் பள்ளம் பறிக்கும். பாரஃபின் வெறும் ஹைட்ரோகார்பன், அதில் அந்தப் பள்ளம் இல்லை. கலப்படம் ஏற ஏறப் பள்ளம் தூர்ந்துகொண்டே வரும். நல்லெண்ணெயைத் தேங்காய் எண்ணெயிலிருந்து பிரித்தறிய 3008-ஐப் பார்க்க வேண்டும். நிறைவுறாத கொழுப்பு மிகுந்த நல்லெண்ணெய் அங்கே தன்னைக் காட்டிக்கொடுக்கும். சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பான தேங்காய் எண்ணெய் அநேகமாகக் காட்டாது. பாமாயில் கலந்திருந்தால்தான் தலைவலி. அதற்கும் 1745 உண்டு என்பதால், கோடுகளின் ஏற்ற இறக்கங்களைக் கணினியில் ஒப்பிட்டே பிடிக்க வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த முறைக்குக் குற்றாலத்து ஈரம் ஆகாது. நீர் அகச்சிவப்பை வெகுவாக உறிஞ்சிவிடும். பல கருவிகளுக்குள் இருக்கும் பொட்டாசியம் புரோமைடு உப்போ ஈரக்காற்று பட்டாலே மங்கிப்போகும்.

ஈரத்துக்கு அஞ்சாத இன்னொரு வழியைக் கண்டவர்கள் இரண்டு தமிழர்கள். ஒருவர் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன். மற்றவர் கே.எஸ். கிருஷ்ணன், தென்காசிக்கு வடக்கே, இதே மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்தவர். கல்கத்தாவில் இருவரும் சுமார் 60 திரவங்களில் ஒளி சிதறுவதை ஆராய்ந்தார்கள். ‘நேச்சர்’ இதழில் 1928 மார்ச் 31 அன்று வெளிவந்த குறிப்பில் இருவர் பெயரும் இருந்தது. 1930-இன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது. நம் பாடநூல்கள் கிருஷ்ணனுக்கு இன்னும் இரண்டு வரி ஒதுக்கலாம்.

மூலக்கூறில் மோதும் ஒளித்துகள்களில் பெரும்பாலானவை வந்த நிறத்திலேயே சிதறும். ஏறக்குறைய கோடியில் ஒன்று, அதிர்வுக்குரிய ஆற்றலைக் கொடுத்துவிட்டு நிறம் மாறி வெளியேறும். இதுவே ராமன் சிதறல். அந்த நிற மாற்றத்தின் அளவே அதிர்வின் அலை எண். அகச்சிவப்பை உறிஞ்ச, அதிர்வின்போது மின்னூட்டத்தின் சமநிலை மாற வேண்டும். ராமன் சிதறலுக்கோ எலக்ட்ரான் மேகம் நெளிந்து கொடுக்கும் தன்மை மாறினால் போதும். காற்றிலுள்ள நைட்ரஜன் அகச்சிவப்புக்குப் பிடிபடாமல் ராமன் நிறமாலையில் 2330-இல் சிக்குவது இதனால்தான். நீரின் ராமன் சிதறலோ பலவீனமானது, தொந்தரவு தராது.

கண்ணாடிப் புட்டியைத் திறக்காமலே உள்ளிருக்கும் எண்ணெயைச் சோதிக்கவும் இதில் முடியும். ஆனால் செக்கெண்ணெயின் நிறமிகள் பச்சை லேசர் பட்டதும் தாமே ஒளிரத் தொடங்கி, அந்தக் கோடியில் ஒன்றை மூழ்கடித்துவிடும். அதற்காகவே கண்ணுக்குத் தெரியாத 1064 நானோமீட்டர் லேசர் பொருத்திய கருவிகள் இருக்கின்றன. நிறமிகள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்வதில்லை. அப்போது கார்பன்-கார்பன் இரட்டைப் பிணைப்பின் 1655 கோடு நல்லெண்ணெயில் ஓங்கியும் தேங்காய் எண்ணெயில் அடங்கியும் தெரியும்.