பல வாயும் ஒரு குரலும்

செய்தி வாசிப்பவர் ‘பட்டு’ என்றாரோ, ‘கட்டு’ என்றாரோ எனக் கேட்போர் மயங்குவராயின், குற்றம் வாசித்தவரிடத்தோ செவியிடத்தோதான் இருத்தல் வேண்டும் என்பதில்லை, ஒலிபெருக்கியிடத்தும் இருக்கலாம். உயிரொலிகள் பேச்சுக்கு உரந்தருவன. மெய்யொலிகளைப் பிரித்தறிய உதவுவனவோ பெரும்பாலும் 1000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட மீடிறன்கள். அவை சிதைந்தால் ஓசை கேட்கும், சொல் விளங்காது.

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹேர்ட்ஸ் வரை உணரவல்லது. 1925ஆம் ஆண்டில் ரைஸ், கெலொக் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் இருவர் விளக்கிய அசையுஞ்சுருள் ஒலிபெருக்கியே இன்றைய ஒலிபெருக்கிகளுள் மிகப் பலவற்றுக்கு முன்னோடி. ஆயினும், முழவின் வேலையைக் குழல் செய்யாது. தாழொலிக்கு மிகுந்த காற்றைத் தள்ளும் பெரிய கூம்பு வேண்டும். உயரொலிக்கு விரைந்தசையும் சிறிய உறுப்பு வேண்டும். ஆகவே ஒரே பெட்டியில் இரண்டு மூன்று உறுப்புக்களை அமைக்கின்றனர். மின்குறிப்பை முன்னரே வடிகட்டிகளாற் பிரித்து, ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி விரியலாக்கி கொடுப்பதே இங்கு கூறப்படும் முறை.

பிரித்தல் எளிது; சேர்த்தலே அரிது. லிங்க்விட்ஸ் 1976இல் வெளியிட்ட, அவர் பெயராலும் ரைலி பெயராலும் வழங்கும் வடிகட்டி முறையில், எல்லை மீடிறனில் ஒவ்வோர் உறுப்பின் ஒலியமுக்கமும் பாதியாகும். இரு பாதியும் சேர்ந்து முழுமையாகும். ஆனால் இரண்டும் ஒரே அவத்தையில் வந்தடைய வேண்டும். 2000 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 17 சதமமீற்றர். ஓர் உறுப்பின் ஒலி அதிற் பாதித் தொலைவு பிந்தினால், ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், ஒலி அழியும். ஒலி 3.4 சதமமீற்றர் செல்ல ஏறத்தாழ 0.1 மில்லிசெக்கன் ஆகும். முந்தி நிற்கும் உறுப்பின் மின்குறிப்பை அதற்கேற்பத் தாமதப்படுத்தினால் இரண்டும் இணையும்.

இதனைச் செவியால் மட்டும் தீர்மானித்தல் கடினம். தாழ்ந்த மீடிறனிலிருந்து உயர்ந்ததுவரை படிப்படியாக ஏறும் ஒலியை எழுப்பி, ஒலிவாங்கியாற் பதிந்து, கணினியாற் கணிக்கின்றனர். அறையின் தெறிப்பு இங்கே இடையூறாகும். ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் தரையிலிருந்து ஒரு மீற்றர் உயரத்தில், ஒரு மீற்றர் இடைவெளியில் நின்றால், தரையில் தெறித்த ஒலி ஏறத்தாழ 3.6 மில்லிசெக்கன் பிந்தி வரும். அதற்கு முன் வந்ததை மட்டும் கணக்கில் எடுப்பர். எனினும், ஏறத்தாழ 280 ஹேர்ட்ஸுக்குத் தாழ்ந்த ஒலியின் ஒரு முழு அதிர்வும் அச்சிறு நேரத்துள் அடங்காது. அவற்றைக் கூம்பின் அருகே ஒலிவாங்கியை வைத்து அளப்பர்.

முதலில் ஒவ்வோர் உறுப்பையும் தனியே அளந்து சீராக்கி, பின்னர் சேர்த்தளப்பர். அதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. உயரொலி உறுப்பின் இணைப்பை வேண்டுமென்றே தலைகீழாக மாற்றுவர். எல்லை மீடிறனில் ஆழ்ந்த பள்ளம் தோன்றினால், நேரான இணைப்பில் இரண்டும் ஒத்திசைகின்றன என்பது உறுதி. பள்ளம் ஆழமாக இல்லையெனில் தாமதத்தைத் திருத்துவர்.

ஒலிகள் ஒன்றையொன்று அழிப்பதால் நேர்ந்த பள்ளத்தை வலுவைக் கூட்டி நிரப்ப முயல்வது பேதைமை. கூட்டியதும் அவ்வாறே அழியும். காரணத்தையே களைதல் வேண்டும். கேட்போர் ஓரிடத்திலேயே அமர்வதில்லையாதலின், பக்கங்களிலிருந்தும் அளத்தல் வேண்டும். இறுதியில் பழகிய ஒருவரின் பேச்சை ஒலிக்கச் செய்து செவியாற் சோதிப்பர். உறுப்புக்கள் பலவாயினும் ஒரே குரல் கேட்குமாயின், அளந்தவர் உழைப்பு பயன் பெற்றது.