குடும்ப உலாவும் வாய்மொழித் தேர்வும்: தேக்காவிலிருந்து தொடங்கலாம்

திங்கட்கிழமை காலை வகுப்பில், "வார இறுதியில என்ன செஞ்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "மால் போனோம்", "வீட்ல இருந்தோம்", "கேம் விளையாடினேன்" என்று பதில் வரும். அதற்கு மேல் பேச்சு நகராது. பிள்ளைக்குத் தமிழ் வரவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். ஆனால் பல நேரங்களில் சிக்கல் வேறு. அந்த வார இறுதி முழுவதும் ஆங்கிலத்தில் நடந்திருக்கிறது. அதைத் தமிழில் சொல்ல, பிள்ளை ஒவ்வொரு சொல்லாக மனத்துக்குள் மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. தேர்வறையில் அதற்கு நேரம் ஏது?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் ஆங்கிலத்தையே அதிகம் பேசும் சிங்கப்பூர்வாசிகள் 2010இல் 32.3 விழுக்காடு, 2020இல் 48.3 விழுக்காடு. தமிழை அதிகம் பேசுவோர் 2020இல் 2.5 விழுக்காடுதான். நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழில் பேசக் கிடைக்கும் ஒரே ஆள் தமிழாசிரியர் என்ற நிலை வந்துவிடக்கூடாது. 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, வகுப்பறையில் பேச்சுத்தமிழுக்கு இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது இந்தக் கவலையை ஒட்டித்தான். வகுப்பில் கற்ற பேச்சு வெளியிலும் செல்லுபடியாகிறது என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அதற்கு மாதம் ஒருமுறை குடும்பத்தோடு வெளியே போய் வந்தாலே ஒரு தொடக்கம் கிடைக்கும்.

தேக்கா: செலவு குறைவு, பேச்சு அதிகம்

சனிக்கிழமை காலை தேக்கா ஈரச்சந்தைக்கும் அருகிலுள்ள பஃபலோ ரோடு காய்கறிக் கடைகளுக்கும் பிள்ளையை அழைத்துப் போகச் சொல்லுங்கள். பிள்ளையின் கையில் ஐந்து வெள்ளியும் மூன்று பொருள் கொண்ட பட்டியலும் போதும். பட்டியல் தமிழில் இருக்கட்டும். பெற்றோர் இரண்டடி பின்னால் நிற்கட்டும். பேச வேண்டியது பிள்ளை.

"அண்ணே, வெண்டைக்காய் கிலோ எவ்வளவு?"
"கால் கிலோ போதும்ணே."
"அக்கா, இது என்ன கீரை? இதை எப்படிச் சமைப்பாங்க?"

வாழைப்பூ, வாழைத்தண்டு, புடலங்காய், பாகற்காய், வெற்றிலை போன்ற சொற்களைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட, தொட்டுப் பார்த்துப் படித்தால் மறக்காது. அடுத்து பூக்கடை. சரம், மாலை, கதம்பம், முழம் ஆகிய நான்கு சொற்களுக்கும் பொருள் அங்கேயே கண்முன் தொங்குகிறது.

ஞாயிறு மாலை கூட்டம் அதிகம். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே உழைக்கும் பலர் ஓய்வு நாளில் கூடுமிடம் அது. சிறு பிள்ளைகளோடு போக சனிக்கிழமை வசதி. ஆனால் அவர்களைக் கண்டு ஒதுங்கிப்போகப் பிள்ளைக்குப் பழக்காதீர்கள். இந்நகரில் நாள் முழுக்கத் தமிழ் பேசுபவர்கள் அவர்கள். பெரியவர் உடனிருக்க, உணவங்காடி வரிசையில் நிற்கும்போது "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?" என்று பிள்ளை ஒரு கேள்வி கேட்கட்டும். பாடநூலில் இல்லாத ஓர் உரையாடல் தொடங்கும்.

பெயர்களுக்குப் பின்னால் ஒரு கதை

சாலைப் பெயர்களே நல்ல விளையாட்டு. மலாயில் 'கெர்பாவ்' என்றால் எருமை. கெர்பாவ் ரோடு, பஃபலோ ரோடு இரண்டும் இவ்வட்டாரத்தில் முன்பு நடந்த மாட்டு வணிகத்தின் நினைவு. 'கண்டாங் கெர்பாவ்' என்றால் எருமைத் தொழுவம். நம் பிள்ளைகள் பலர் பிறந்த கேகே மருத்துவமனையின் 'கேகே' அதுதான்! இதைச் சொன்னால் சிரிக்காத பிள்ளை இல்லை. 'தேக்கா' என்ற பெயரோ, மூங்கிலோடு தொடர்புடைய ஹொக்கியன் சொல்லிலிருந்து வந்தது. குதிரைப் பந்தயத் திடல் இருந்ததால் ரேஸ் கோர்ஸ் ரோடு.

கெர்பாவ் ரோட்டிலேயே பல வண்ணம் பூசிய டான் டெங் நியா வீடு இருக்கிறது. கட்டப்பட்டது 1900இல், உரிமையாளர் மிட்டாய்த் தொழில் நடத்திய சீனர். டன்லப் ஸ்திரீட்டில் உள்ள அப்துல் கஃபூர் பள்ளிவாசலின் முகப்பில் சூரியன்போல் ஓர் அலங்காரம். அதன் 25 கதிர்களில் 25 நபிமார்களின் பெயர்கள். வெயில் ஏறியதும் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்குள் போகலாம். 2015இல் திறக்கப்பட்டது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டணமில்லை. எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து, "இதை யாரு பயன்படுத்தியிருப்பாங்க? எதுக்கு?" என்று பேசினால் போதும்.

தேக்காவுக்கு வெளியேயும் தமிழ்

தமிழ் பேச தேக்காதான் வேண்டும் என்பதில்லை. 1859இல் தொடங்கிய சிங்கப்பூர்ப் பூமலை 2015இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமானது. அங்குள்ள ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும் தெம்புசு மரத்தை அதே பூமலையில் நேரில் பார்க்கலாம். நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தைத் தேடுவது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

நம் சாலையோரங்களில் குடைபோல் விரிந்து நிற்கும் மழைமரத்துக்குத் தமிழில் 'தூங்குமூஞ்சி மரம்' என்று பெயர். அந்திசாயும்போது இலைகள் மூடிக்கொள்ளும். மாலையில் வீட்டுக்குக் கீழேயே இதைக் காட்டலாம். மரீனா அணைக்கட்டின் புல்வெளிக் கூரையில் பட்டம் விடலாம். "காத்து எந்தப் பக்கம் அடிக்குது? நூலை விடு, இழு!" இங்கே வினைச்சொற்கள் தானாக வரும்.

பார்த்ததைப் பதிலாக்குவது எப்படி?

மாணவர்களே, காணொளி உரையாடலில் "குடும்பத்தோட வெளிய போயிருக்கியா? சொல்லு" என்று கேட்டால் பலரும் சொல்வது இது: "போயிருக்கேன். ரொம்ப மகிழ்ச்சியா இருந்துச்சு." பிழை இல்லை, ஆனால் விவரமும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்க:

"போன மாசம் அம்மாவோட தேக்காவுக்குப் போனேன். வெண்டைக்காய் வாங்கணும். எது பிஞ்சு, எது முத்தல்னு எனக்குத் தெரியல. கடைக்கார அண்ணன் ஒரு காயோட நுனியை உடைச்சுக் காட்டினாரு. பட்டுன்னு உடைஞ்சா பிஞ்சு, வளைஞ்சா முத்தல்னு சொன்னாரு. அன்னைக்கு நான் வாங்குன காயைத்தான் பாட்டி சமைச்சாங்க."

எங்கே, யாரோடு, என்ன சிக்கல், எப்படித் தீர்ந்தது, பிறகு என்ன ஆச்சு: ஐந்தும் இதில் இருக்கு. இதையே கட்டுரையில் எழுதும்போது எழுத்துத்தமிழுக்கு மாற்றுங்க: "எது பிஞ்சு, எது முத்தல் என்று எனக்குத் தெரியவில்லை. கடைக்காரர் ஒரு காயின் நுனியை உடைத்துக் காட்டினார்." பேசும்போது பேச்சுத்தமிழ், எழுதும்போது எழுத்துத்தமிழ், இரண்டையும் கலக்காதீங்க.

பெற்றோரிடம் சொல்ல வேண்டியவை

"எங்களுக்கே தமிழ் சரியா வராது, டீச்சர்" என்று சில பெற்றோர் தயங்குவார்கள். பிள்ளையோடு சேர்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று சொல்லுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் அழைத்துப் போகட்டும். பிள்ளை பேசும்போது நடுவில் திருத்த வேண்டாம். சொல் தெரியாவிட்டால் எடுத்துக் கொடுத்தால் போதும். திரும்பும் வழியில் எம்ஆர்டியில் ஒரே கேள்வி: "இன்னைக்குப் பார்த்ததுல எதை நாளைக்கு உன் ஃபிரண்டுகிட்ட சொல்லுவே?"

உலாவைப் பயிற்சித்தாளாக மாற்றிவிடாதீர்கள். 'பத்து வரி எழுதி வா' என்றால் அடுத்த முறை பிள்ளை வர மாட்டான். திங்கட்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கி, போய் வந்தவரைப் பேச விடுங்கள். தேர்வில் கிடைக்கும் மதிப்பெண்ணோடு, கடைக்காரரிடம் தமிழில் கேட்டுப் பொருள் வாங்கிவந்த பெருமையும் பிள்ளைக்கு இருக்கும். தேர்வு முடிந்த பிறகும் அவன் தமிழ் பேச, அந்தப் பெருமைதான் துணை நிற்கும்.