மறதி நோயும் மாறாத அன்பும்

"உன் தாத்தா வயலிலிருந்து வந்துட்டாரா?"

என் அப்பாயி மாலைதோறும் கேட்கும் கேள்வி இது. தாத்தா மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாள் எரிச்சலில், "அவர் செத்து ஒன்பது வருஷமாச்சு!" என்றேன். அன்றுதான் இழவுச் செய்தி கேட்டவர்போல் கதறினார். சிறிது நேரத்தில் செய்தி மறந்துபோயிற்று. முகவாட்டம் மட்டும் இரவுவரை நீங்கவில்லை.

இது வெறும் முதுமை மறதி அன்று, மூளையின் நோய். 1906-இல் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இத்தகைய நோயாளி ஒருவரின் மூளையில் கண்ட மாற்றங்களை விளக்கினார். மறதி நோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அவர் பெயரால் வழங்கும் நோயே. புதிய நினைவுகளைப் பதியவைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' என்னும் பகுதி தொடக்கத்திலேயே சிதைகிறது. ஆகவே காலையில் உண்டது மறக்கும். கலியாண நாள் நினைவிலிருக்கும். செய்தி மறந்தாலும், அது எழுப்பிய மகிழ்ச்சியோ துயரமோ மனத்தில் தங்கிவிடுவதுண்டு.

அப்படியானால் நாம் செய்யவேண்டுவது யாது? வாதாடித் திருத்த முயலாதீர்கள். எதிரே அமர்ந்து, சிறு சிறு சொற்களில் பேசுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கேட்டு, விடைக்குக் காத்திருங்கள். அவர்கள் வேண்டுமென்றே நம்மைத் துன்புறுத்துவதில்லை.

இப்போது அப்பாயி கேட்டால், "தாத்தாவுக்கு என்ன குழம்பு பிடிக்கும்?" என்று நான் கேட்கிறேன். கருவாட்டுக் குழம்பில் தொடங்கும் பேச்சு கலியாணப் பந்தல்வரை நீளும், முகம் மலரும். நாளையும் அதே கேள்வி வரும். எனக்கு அலுப்பு வருவதும் உண்மைதான். ஆனால் நான் சொல்லும் விடையை அவர் மறந்துவிடுவார். சொல்லும் விதமே அவருடன் தங்கும். நண்பர்களே, அதை அன்பாகச் சொல்வோம்!