வாரக் கூலியும் வருஷச் சந்தாவும்

திரையில் விரியும் தாள் – 7

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்கள் புதியம்புத்தூரில் யாரிடமும் பத்திரிகை வாசிப்பதைப் பற்றிப் பேச்சுக் கொடுக்க முடியாது. ஓட்டப்பிடாரத்தை ஒட்டிய இந்தக் கரிசல் ஊருக்குக் 'குட்டித் திருப்பூர்' என்று பெயர் வாங்கித் தந்தது தையல் மிஷின். பிள்ளைகளின் கவுன், பாவாடை, நைட்டி என்று தைத்து, பண்டல் கட்டி வெளி மாநிலம் வரை அனுப்புகிறார்கள். சீசன் ஓய்ந்த பிறகு போனால்தான் ஆள் கிடைக்கும்.

அப்படிக் கிடைத்தவர் ஒரு கட்டிங் மாஸ்டர். துணித் தூசி படிந்த போனைச் சட்டையில் துடைத்துவிட்டு நீட்டினார். பத்திரிகை ஆப் ஒன்றில் வார இதழ்கள் வரிசையாக இருந்தன. சந்தா கட்டுவது சென்னையில் வேலை பார்க்கும் மகள். அதே கணக்கில் அப்பா இங்கே வாசிக்கிறார், சித்தப்பா கோவில்பட்டியில் வாசிக்கிறார். “அவ இங்கிலீசு புஸ்தகம் பாப்பா, நான் நம்ம புஸ்தகம் பாப்பேன். ஒரே கடைய ஆளுக்கொரு மூலையில வச்சிருக்கோம், பாத்துக்கிடுங்க அண்ணாச்சி” என்றார். இந்தப் பக்கம் வார இதழுக்கு இன்னமும் புஸ்தகம் என்றுதான் பெயர்.

அவர் வாசிக்கும் விதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்த பக்கம் அப்படியே திரையில் வருகிறது. எழுத்து கடுகு மாதிரி இருப்பதால் இரண்டு விரலால் பெரிதாக்குகிறார். ஒரு பத்தி முடிந்ததும் அடுத்த பத்தியின் தலைக்கு ஏற வேண்டும். விரல் சற்றுப் பிசகினால் விளம்பரத்துக்குள் போய் விழுகிறார். எழுத்தை மட்டும் தனியாகக் காட்டும் முறையும் இருக்கிறது. அதில் ஜோக்குக்குப் படம் வராது என்று அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

இப்படி இதழ்களைத் திரையில் விற்கும் வியாபாரத்தில் தமிழ்நாட்டுக்கு நல்ல பங்கு உண்டு. ஆயிரக்கணக்கான இதழ்களை ஒரே சந்தாவில் தரும் மேக்ஸ்டர் ஆப்பை 2011ல் தொடங்கியவர்கள் கிரிஷ் ராம்தாசும் விஜயகுமார் ராதாகிருஷ்ணனும். தலைமையகம் நியூயார்க்கில் என்றாலும் வேர் சென்னையில்தான். ஆனால், இங்கே ஊர்ப்புறத்துக்கு இதெல்லாம் எட்டியது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு. 1941ல் தொடங்கிய கல்கி 2020ல் அச்சை நிறுத்திவிட்டு இணையத்துக்கே குடிபோனபோது, மற்றப் பத்திரிகைகளும் தங்கள் ஆப் பக்கம் வாசகரை இழுக்கத் தொடங்கியிருந்தன.

இழுத்தார்கள், சரி. எந்த வாசகரை?

டீக்கடைத் தினத்தந்தியை ஒரு காலையில் எத்தனை பேர் வாசிக்கிறார்கள் என்று கடைக்காரருக்கே தெரியாது. நடுப்பக்கம் ஒருவர் கையில், விளையாட்டுப் பக்கம் இன்னொருவர் கையில். பத்திரிகை விற்பனையைத் தணிக்கை செய்ய 1948ல் தொடங்கிய ஏபிசி அமைப்பு விற்ற பிரதியைத்தான் எண்ணும். எத்தனை கண்கள் அதில் மேய்ந்தன என்பதை அறிய ஐஆர்எஸ் என்ற வாசகர் கணக்கெடுப்புக்காரர்கள் வீடு வீடாகப் போனார்கள். கொரோனாவோடு அதுவும் நின்றது. ஆப்புக்கு அந்தச் சிரமமே இல்லை. நீங்கள் எந்தப் பக்கத்தில் எத்தனை வினாடி நின்றீர்கள் என்பது வரை அதற்குத் தெரியும். ஓசி வாசகரை மட்டும் அதற்குப் பிடிக்காது.

ஓசி வாசகர் விடுவாரா? ஊரடங்கில் பேப்பர் வராத நாட்களில் வாட்ஸ்அப் குழுக்களில் முழுப் பத்திரிகையும் பிடிஎப்பாகச் சுற்றியது. டெலிகிராமில் தன் இ-பேப்பர் பரவுவதை எதிர்த்து இந்தி நாளிதழான தைனிக் ஜாக்ரண் நிறுவனம் வழக்குப் போட்டது. அந்தச் சேனல்களை 48 மணி நேரத்தில் நீக்கச் சொல்லி 2020 மே மாதம் டெல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டப்படி அது சரியான உத்தரவு. எழுதுகிறவனுக்கும் சம்பளம் வேண்டுமே. ஆனால், அந்தக் குழுக்களில் இருந்தவர்கள் எல்லாரும் திருடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். டீக்கடை பெஞ்சைத்தான் அவர்கள் போனுக்குள் தூக்கிப் போட்டுக்கொண்டார்கள்.

நிஜமான சிக்கல் பணம் கேட்கும் முறையில் இருக்கிறது. பீஸ் கணக்கில் தைப்பவருக்குக் கூலி வாராவாரம். வார இதழுக்கு அது பொருத்தமான வருமானம். சில்லறை இருந்தால் வாங்குவார், இல்லாத வாரம் பக்கத்து வீட்டில் இரவல். ஆப்போ ஒரு வருஷத் தொகையை மொத்தமாகக் கேட்கிறது. இல்லாவிட்டால் மாதாமாதம் கணக்கில் தானாகப் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்கிறது. கையிருப்பு நூறு இருநூறில் ஓடும் கணக்கில் அந்தத் தானியங்கிப் பிடித்தம் எப்போது கை வைக்குமோ என்ற பயமே பலருக்குச் சந்தாவை விட்டு ஒதுங்கக் காரணம். பாட்டிலில் விற்ற ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைக்க வழி காட்டிய சின்னி கிருஷ்ணன் நம் கடலூர்க்காரர். பத்திரிகை ஆப்காரர்கள் அவரிடம் பாடம் கேட்டிருக்கலாம். தனி இதழை மட்டும் விற்பவர்கள் உண்டு. ஆனால், அதை வாசித்து முடித்துப் பக்கத்து வீட்டு மதினியிடம் கொடுக்க முடியாது. பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடவும் முடியாது.

பைண்டிங்கும் போயிற்று. கி.ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஜூனியர் விகடனில் தொடராக வந்தது. அந்த மாதிரித் தொடர்களை வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தைத்து அட்டை போட்டு வைத்த வீடுகள் அவர் ஊரான இடைசெவலைச் சுற்றிய ஊர்களில் இருந்தன. சந்தாவில் பழைய இதழ்கள் நிறையக் கிடைக்கும்தான். சந்தா முடிந்த மறுநாள் அலமாரியே பூட்டிக்கொள்ளும். மகள் புதுப்பிக்க மறந்துவிட்டால் மாஸ்டரின் கடையும் அடைபட்டுவிடும். அவரிடம் அதைச் சொன்னேன். “பாஸ்வேர்டும் அவகிட்டதான் இருக்கு” என்றார்.

மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இந்தப் பேச்சு எதுவும் ஒட்டவில்லை. கையும் கண்ணும் துணியில் இருக்கும்போது எதை வாசிப்பது? அவர்கள் காதில் ஹெட்செட் மாட்டிக் கதை கேட்கிறார்கள். அந்த ஆடியோ சந்தாக்களைப் பற்றி அடுத்த வாரம்.