ஆகஸ்டில் ஒரு கிறிஸ்துமஸ் பாடல்

காலாண்டுத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும். இசை வகுப்பிலிருந்து கிறிஸ்துமஸ் பாடல் கேட்கும். தாழ்வாரத்தில் போகும் கணக்கு ஆசிரியர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், அதுக்குள்ள டிசம்பர் வந்திடுச்சா?" என்று சிரிப்பார். நானும் சிரித்துவிடுவேன். ஆனால் அந்தக் கேள்வி பல ஆண்டுகளாக என் மனத்தில் இருப்பதுதான். இவ்வளவு முன்னதாகத் தொடங்குவது சரியா?

ஏன் முன்கூட்டியே?

நாள்காட்டியைப் பார்த்தால் வேறு வழி தெரியவில்லை. விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாளில் விழா. அதற்கு முன் அரையாண்டுத் தேர்வு. அக்டோபர், நவம்பரில் மழை விடுமுறை, கலைத் திருவிழாப் போட்டிகள். இசைக்கு வாரத்துக்கு ஒரு பாடவேளைதான். ஆகஸ்ட் நடுவில் தொடங்கினாலும் கடைசியில் கைக்குக் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு பாடவேளைகளே.

பாடலும் நேரம் கேட்கிறது. 'சைலண்ட் நைட்' கேட்பதற்குத் தாலாட்டுப் போல எளிமையாக இருக்கும். ஆனால் அது மத்திய ஸ்தாயி ஷட்ஜத்தில் தொடங்கி மேல் ஸ்தாயி மத்யமம் வரை போகிறது. பயிற்சியில்லாத குழந்தை அங்கே கத்தும், அல்லது வாயை மட்டும் அசைக்கும். 'ஜிங்கிள் பெல்ஸ்' பல்லவியோ ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளும் இரண்டே நாளில் பாடிவிடுவார்கள். எல்லாப் பாடலுக்கும் ஒரே அளவு நாள்கள் தேவையில்லை என்பதை இதிலிருந்துதான் கற்றேன்.

'சைலண்ட் நைட்' பிறந்த கதை நம்மைப் போன்றவர்களுக்குச் சற்று வேடிக்கையானது. ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃப் ஊரில் 1818 டிசம்பர் 24 அன்று, ஜோசப் மோர் என்ற பாதிரியார் தாம் முன்பே எழுதிய கவிதையை ஃபிரான்ஸ் குரூபரிடம் கொடுத்தார். குரூபர் பள்ளி ஆசிரியர். அன்றே மெட்டமைத்து, அன்றிரவே கிதாருடன் இருவரும் பாடினார்கள். ஒரே நாள்! ஆனால் பாடிய இருவருமே இசை தெரிந்தவர்கள். நம்மிடம் இருப்பதோ நாற்பது குழந்தைகள்.

முன்னதாகத் தொடங்கினால் இழப்பது என்ன?

முதல் இழப்பு, ஆவல். ஓராண்டு ஜூலையிலேயே தொடங்கினேன். டிசம்பரில் ஒரு சுரம் பிசகவில்லை. ஆனால் முகங்களில் பண்டிகை இல்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் பாடினார்கள். விழா முடிந்ததும் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "அப்பாடா, இனிமே இந்தப் பாட்டு வேணாம்ல மிஸ்?" என்று கேட்டாள். பாராட்டுகளைவிட அந்தக் கேள்விதான் இன்றும் நினைவில் இருக்கிறது.

இரண்டாவது, பிழை உறைந்துபோவது. முதல் வாரத்தில் தவறாகப் பிடித்துக்கொண்ட சுரத்தை மூன்று மாதம் பாடினால், பிறகு அதைத் திருத்துவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம்.

மூன்றாவதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு ஆகஸ்டில் தனிக்குரல் பகுதியைக் கொடுத்திருந்தேன். மணி போன்ற குரல். நவம்பரில் அவனுக்குக் குரல் உடையத் தொடங்கியது. மேல் ஸ்தாயிக்குப் போகும்போதெல்லாம் குரல் பிளந்தது, மற்றவர்கள் சிரித்தார்கள். ஒருநாள் தனியாக வந்து, "மிஸ், என்னை எடுத்துடுங்க" என்றான். தவறு அவனுடையதன்று. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் பையன்களின் குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன, சில மாதங்களில் குரல் இறங்கிவிடுகிறது. அதை எண்ணாமல் ஆகஸ்டுக் குரலை நம்பி டிசம்பருக்குத் திட்டமிட்டது நான்தான். அவனைத் தாழ்ந்த சுரங்களைப் பாடும் வரிசைக்கு மாற்றி, "தம்பி, இந்த வரிசைக்கு உன் குரல்தான் வேணும்" என்றேன். உண்மையில் தேவையும் இருந்தது. அவன் விழாவில் நின்று பாடினான்.

இப்போது நான் செய்வது

ஆகஸ்ட், செப்டம்பரில் பாடலைத் தொடுவதில்லை, பாடலுக்குத் தேவையானதை மட்டும் பழக்குகிறேன். இந்தப் பாடல்கள் சங்கராபரணத்தின் சுரங்களில் அமைந்தவை. எனவே சரளி வரிசையை அந்தச் சுரங்களில் பாடவைக்கிறேன். மூச்சை நிறுத்தி நீளமாகப் பாடுவது, மூன்று மூன்றாகக் கைதட்டுவது ஆகியவையும் அப்போதே. பண்டிகைக்குத் தயாராகிறோம் என்பது குழந்தைகளுக்குத் தெரியாது. இதே பயிற்சி பொங்கல் பாடலுக்கும் உதவுகிறது.

அக்டோபரில் மெட்டும் சொற்களும். முதல் இரண்டு வகுப்புகளில் மெதுவாக, பிழையின்றி. இங்கே அவசரப்பட்டால் பிறகு அழ வேண்டியதுதான்.

நவம்பரில் இரண்டு வாரம் பாடலை முழுவதும் நிறுத்திவிடுகிறேன். திரும்ப எடுக்கும்போது கொஞ்சம் மறந்திருப்பார்கள். நினைவுபடுத்திப் பாடும்போதுதான் பாடல் உறுதியாகப் பதிகிறது, ஆசையும் திரும்புகிறது.

டிசம்பரில் காலை வழிபாட்டுக் கூட்டத்துக்குப் பின் தினமும் பத்து நிமிடம். வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் பாடுவதைவிட இது பலன் தருகிறது, தேர்வுப் படிப்பும் கெடுவதில்லை. தனிக்குரல் யார், சுருதி எத்தனை கட்டை என்பதை அப்போதுதான் முடிவு செய்கிறேன்.

சுதந்திர தின நாடகம், ஆண்டு விழா நடனம் என எதைத் தயாரிக்கும் ஆசிரியருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தாமதித்தால் குழந்தைகள் பதறுகிறார்கள், முந்தினால் சலித்துப்போகிறார்கள். திறனை முன்னதாகவும் நிகழ்ச்சியைப் பின்னதாகவும் பழக்கலாம் என்பதே நான் கண்ட வழி.

கணக்கு ஆசிரியர் இப்போதும் எட்டிப் பார்க்கிறார். ஆகஸ்டில் அவர் காதில் விழுவது சரளி வரிசைதான். டிசம்பர் வந்ததும் அவரே கேட்கிறார்: "பாட்டு எப்ப டீச்சர் ஆரம்பிக்கப் போறீங்க?"