தற்செயலுக்கு வரவு வைப்பது

2011-இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது, காளையார்கோவில் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கைக்கும் விண்டோஸோடு சேர்ந்து ‘பாஸ்’ லினக்ஸ் வந்தது. டெபியன் லினக்ஸை அடியொட்டி மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. திறந்தவர்களுக்கும் தெரியாமல், அதன் மையக்கருவான கெர்னல் ஒரு வினோதமான கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது: தட்டும் ஒவ்வொரு விசையிலும் எவ்வளவு தற்செயல் இருக்கிறது?

வங்கித் தளத்துக்குள் பாதுகாப்பாக நுழைய, யாரும் ஊகிக்க முடியாத ஒரு ரகசிய எண்ணைக் கணினி உருவாக்க வேண்டும். சொன்னதை மட்டுமே செய்யும் கணினிக்கு அப்படியோர் எண் தானாக வராது. அதனால் விசைத் தட்டல், மவுஸ் அசைவு, ஹார்ட் டிஸ்க் பதில் சொல்லும் நேரம் என்று வெளியிலிருந்து சேகரித்து, ஒரு தேக்கத்தில் போட்டுக் கலக்கும். 1994-இல் லினக்ஸுக்கு இதை எழுதியவர் தியோடர் சோ. கலக்குவது எளிது. தேக்கத்தில் எத்தனை பிட் ‘என்ட்ரோபி’, அதாவது தற்செயலின் அளவு, சேர்ந்திருக்கிறது என்று சொல்வதுதான் பெரும்பாடு.

சோவின் வழி கஞ்சத்தனமானது. தட்டல்களுக்கு இடையே மூன்று இடைவெளிகள் 60, 85, 97 என்று வந்தன என்று கொள்வோம். கடைசி இடைவெளி 97. அதற்கும் முந்தையதற்கும் வித்தியாசம் 12. அதற்கு முந்தைய வித்தியாசம் 25. இந்த இரண்டுக்கும் இடையே 13. 97, 12, 13 ஆகிய மூன்றில் சிறியது 12. அதற்கு வரவு 3 பிட்தான். தாளம் தப்பாமல் 80, 80, 80 என்று தட்டினால் பூஜ்யம். எவ்வளவு ஏறுமாறாகத் தட்டினாலும் 11 பிட்டுக்கு மேல் கிடையாது. தேக்கத்தின் உச்சம் அன்று 4096 பிட். இருப்பைப் பார்க்க ஒரு கட்டளை கொடுத்தாலே அன்று இருப்பு குறைந்துவிட்டது! புதிதாக ஓடும் ஒவ்வொரு நிரலும் கொஞ்சம் அள்ளிக்கொண்டதே.

இதில் அடிப்படையிலேயே ஒரு கோளாறு உண்டு. பையின் தசம இலக்கங்களை எந்தச் சோதனைக்கு அனுப்பினாலும் தற்செயல் போலவே தோன்றும். அது பை என்று தெரிந்தவனுக்கோ அதில் ரகசியமே இல்லை. என்ட்ரோபி எண்களில் இல்லை, எதிராளியின் அறியாமையில் இருக்கிறது. அதை கெர்னல் எப்படி அளக்கும்? 2003-இல் ஃபெர்குசனும் ஷ்னையரும் வடிவமைத்த ‘ஃபார்ச்சூனா’ என்ற தற்செயல் எண் உருவாக்கி இந்த மதிப்பீட்டையே கைவிட்டது.

செலவுக் கணக்கும் வீண்தான். காளையார்கோவில் ஆனைமடுக் குளம் வற்றாது என்பார்கள். இந்தத் தேக்கமும் அப்படித்தான். ஒருமுறை 256 பிட் உண்மையாகவே நிரம்பிவிட்டால், எவ்வளவு அள்ளினாலும் அடுத்த எண்ணை வெளியாள் ஊகிக்க முடியாது. 2020-இல் வந்த லினக்ஸ் 5.6 முதல், தொடக்கத்தில் நிரம்பியபின், இருப்பு குறைவு என்று யாரையும் காக்க வைப்பதில்லை.

ஆனால் அந்த முதல் நிரப்பு இருக்கிறதே! 2012-இல் ஆய்வாளர் நாடியா ஹெனிங்கரின் குழு இணையம் முழுக்கத் துழாவியபோது, ரவுட்டர் போன்ற கருவிகள் பல ஒரே ரகசியச் சாவியைப் பகிர்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. விசைப்பலகையும் டிஸ்க்கும் இல்லாத அவை, மின்சாரம் வந்ததும் வெறும் தேக்கத்திலிருந்தே சாவி செய்திருந்தன. இருப்பு இல்லை என்று கெர்னலுக்குத் தெரியும். சாவி கேட்ட நிரல்தான் அதை விசாரிக்கவில்லை. 2014-இல், முதல் நிரப்பு வரை மட்டும் காத்திருக்கும் புதிய அழைப்பு சேர்ந்தது.

2019-இல் அதுவே வினையானது. கோப்பு முறைமையை வேகப்படுத்தியதால் டிஸ்க் வேலை குறைந்தது, சேகரிக்கத் தற்செயலும் குறைந்தது. சில கணினிகள் திரை வராமல் அப்படியே நின்றன. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், செயலியின் சொந்த நேரத் தடுமாற்றத்தையே எடுத்துத் தேக்கத்தை நிரப்பும் வழியை 5.4-இல் சேர்த்தார். ஒரு டைமர் துடிப்புக்கு ஒரு பிட் வரவு. ஏன் ஒன்று என்றால், உத்தேசம்தான்.