பச்சை மூடி போட்ட டயர்: நைட்ரஜனுக்குக் காசு கொடுக்கலாமா?

டயர் மாற்றப் போனால் இப்போதெல்லாம் ஒரு கேள்வி வரும்: "சாதா காத்து அடிக்கவா, நைட்ரஜன் அடிக்கவா?" நைட்ரஜன் என்று சொன்னால் ஒவ்வொரு டயருக்கும் தனிக் கட்டணம். அடையாளத்துக்கு வால்வில் பச்சை மூடி ஒன்றும் போட்டுவிடுவார்கள். சிங்கப்பூர்ப் பெட்ரோல் நிலையங்களில் காற்று இலவசம். தமிழ்நாட்டுப் பெட்ரோல் பங்குகளிலும் அப்படித்தான். சும்மா கிடைப்பதை விட்டுவிட்டு வெள்ளி கொடுத்து வாங்கும் வாயு, அந்த வெள்ளிக்கு என்னதான் செய்கிறது?

'சாதா காத்து' என்கிறோமே, அதிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆக்சிஜன் 21 விழுக்காடு. ஆகவே கடைக்காரர் புதிதாக எதையும் டயருக்குள் கொண்டுவரவில்லை. ஏற்கெனவே இருப்பதன் அளவைக் கூட்டுகிறார், அவ்வளவுதான். எவ்வளவு கூட்டுகிறார் என்பதை உயர்நிலை மாணவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றை முழுக்க இறக்கிய டயருக்குள்ளும் வெளியில் இருக்கும் அதே அழுத்தத்தில், அதாவது ஏறத்தாழ 1 பார் அளவில், காற்று தங்கியிருக்கும். அதன்மேல் 2.2 பார் தூய நைட்ரஜன் அடித்தால் மொத்தம் 3.2 பார். பழைய காற்றிலிருந்த ஆக்சிஜன் 0.21 பார். 0.21-ஐ 3.2-ஆல் வகுத்தால் 6.6 விழுக்காடு. ஒருமுறை அடித்ததற்கு 93 விழுக்காடு நைட்ரஜன் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் இறக்கி, மறுபடியும் நிரப்ப வேண்டும். எத்தனை கடைகளில் அந்தப் பொறுமை இருக்கும்?

நைட்ரஜன் மெதுவாகக் கசியும் என்பது விளம்பரத்தில் சொல்லும் முதல் நன்மை. இது உண்மை. ஆனால் காரணத்தில் மாணவர்கள் சறுக்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. நைட்ரஜன் மூலக்கூற்றின் நிறை 28, ஆக்சிஜனுக்கு 32. எடை குறைந்த வாயு வேகமாக வெளியேறும் என்ற கிரகாம் விதியைப் பிடித்துக்கொண்டால் நைட்ரஜன்தான் முதலில் ஓட வேண்டும். நடப்பதோ நேர்மாறு. டயரின் ரப்பர் ஓட்டை போட்ட தகடு அல்ல. வாயு ரப்பரில் கரைந்து, ஊடுருவி, மறுபக்கம் வெளிவருகிறது. அங்கே மூலக்கூற்றின் பருமனும் கரையும் தன்மையும்தான் முக்கியம். ஆக்சிஜன் மூலக்கூறு சற்றுச் சிறியது, ரப்பரில் கரைவதும் அதிகம். அதனால் அது முந்திக்கொள்கிறது.

சரி, எவ்வளவு முந்துகிறது? அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2006-2007இல் 31 வகை டயர்களைச் சோதித்தது. எல்லாவற்றிலும் 30 பிஎஸ்ஐ அழுத்தம் வைத்து ஓராண்டு வெளியில் விட்டார்கள். காற்று அடித்தவை சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன; நைட்ரஜன் அடித்தவை 2.2. வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ. அதுவும் ஒரு வருடம் முழுக்க!

இதை வெள்ளியில் பார்ப்போம். நான்கு டயர்களிலும் அழுத்தம் 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் ஏறத்தாழ 0.2 விழுக்காடு குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 1.3 பிஎஸ்ஐக்கு 0.26 விழுக்காடு. வித்தியாசம் சிறுகச் சிறுகத்தான் வளர்கிறது என்பதால் ஆண்டுச் சராசரி அதில் பாதி, 0.13. மாதம் 250 வெள்ளிக்குப் பெட்ரோல் போடுபவருக்கு ஆண்டுச் செலவு 3,000 வெள்ளி. மிச்சமாவது நான்கு வெள்ளிக்கும் குறைவு. ஒரு கோப்பி, ஒரு பரோட்டா. இந்த மிச்சம்கூட வருடம் முழுக்க டயர் பக்கமே திரும்பாதவருக்குத்தான். மாதம் ஒருமுறை இலவசக் காற்று அடித்துக்கொள்பவருக்கு அதுவும் இல்லை.

"நைட்ரஜன் சூட்டில் விரியாது" என்பார்கள். இது தவறு. தஞ்சோங் பகாரில் நிலத்தடி நிறுத்துமிடத்தில் பகல் முழுக்க நின்ற காரின் டயர் 27 டிகிரியில் 32 பிஎஸ்ஐ காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். விரைவுச்சாலையில் ஓடி அது 52 டிகிரிக்குப் போனால் அழுத்தம் ஏறத்தாழ 36 ஆகும். உள்ளே இருப்பது காற்றானாலும் நைட்ரஜனானாலும் இதே கணக்குதான். (வளிமண்டல அழுத்தம் 14.7-ஐச் சேர்த்து, கெல்வினில் போட வேண்டும். இல்லாவிட்டால் விடை தப்பாகும்.) காற்றில் ஈரம் இருந்தால் அழுத்தம் இன்னும் கொஞ்சம் ஏறும். பந்தயக் கார்களுக்கு அந்தக் கொஞ்சம் பெரிய விஷயம், நமக்கு இல்லை.

அப்படியானால் விமானங்களுக்கு ஏன் நைட்ரஜன்? அங்கே கதை வேறு. 31 மார்ச் 1986 அன்று மெக்சிகோ சிட்டியிலிருந்து கிளம்பிய மெக்சிகானா போயிங் 727 விமானத்தில், சூடேறிய பிரேக்கால் டயர் ஒன்று நடுவானில் வெடித்தது. இருந்த 167 பேரும் இறந்தார்கள். அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதில் காற்று அடைத்திருந்தார்கள். கடும் சூட்டில் ரப்பரிலிருந்து வரும் ஆவி எரிய ஆக்சிஜன் வேண்டும். நைட்ரஜன் அந்த வாய்ப்பைத் தருவதில்லை. பெரிய விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் ஆக்சிஜன் 5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க விதி சொல்கிறது. மேலே நாம் கணக்குப் போட்ட 6.6 அந்தத் தேர்வில் தேறாது!

புது டயரோடு இலவசமாக அடித்துத் தந்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள், கெடுதல் இல்லை. கெடுதல் வருவது பச்சை மூடியை நம்பி அழுத்தம் பார்ப்பதையே விட்டுவிடும்போதுதான். ஆணி குத்தினால் நைட்ரஜனும் போகும். அழுத்தம் குறைந்த டயர் அதிகமாக வளைந்து, சூடேறி, நெடுஞ்சாலையில் வெடிக்கலாம். உட்லண்ட்ஸ் தாண்டப் போகிறவர்கள் முக்கால் டாங்கிப் பெட்ரோல் இருக்கிறதா என்று மறக்காமல் பார்க்கிறோம். இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். டயரைத்தான் யாரும் கேட்பதில்லை.

இன்னொன்று. நைட்ரஜன் டயரில் காற்றைக் கலக்கக்கூடாது என்று பயந்து, இறங்கிய டயரோடு நைட்ரஜன் கடையைத் தேடி ஓட்டுபவர்கள் உண்டு. தாராளமாகக் கலக்கலாம், 78 விழுக்காடு அதே சரக்குதான். பக்கத்துப் பெட்ரோல் நிலையத்திலேயே நிறுத்தி, டயர் ஆறியிருக்கும்போது அடித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவோரத் தூணில் ஒட்டியிருக்கும்.